கேள்வியம்மாவின் தம்பி

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கேள்வியம்மா என்று பெயர். எனக்கு விடை சார். வைத்தவர் முதலாளி. எங்கள் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். சம்பள உறையின் மேல்கூட அப்படித்தான் எழுதித் தருவார். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கண கைடு தயாரிப்பது எங்கள் வேலை. கீழே அச்சு மெஷின், மாடியில் நாங்கள். மெஷின் ஓடினால் மேஜைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் தானாக நகரும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதப் பழகியிருந்தோம்.

கைடுதானே என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடப்புத்தகம் எழுதியவர் யார் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. பரீட்சைக்கு முதல் நாள் அத்தனை பிள்ளைகளின் மடியிலும் கிடப்பது எங்கள் புத்தகம்தான். அதிலும் பக்கம் கிழியும் அளவுக்குப் புரட்டப்படுவது ‘இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து எழுதுக’ என்ற பகுதி. காம்பவுண்ட் வாக்கியம் என்பார்கள். தனியாக நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்கள். நடுவில் ஒரு கமா. கமாவுக்குப் பிறகு ஒரு அண்ட், அல்லது பட், அல்லது ஆர், அல்லது ஸோ. தமிழில் நாம் ‘வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு’ என்று ஒன்றின் தோளில் ஒன்றைச் சாய்த்துக்கொண்டே போய்விடுவோம். அங்கே அது செல்லாது. இரண்டும் தன் தன் காலில் நிற்க வேண்டும், நடுவில் இருக்கும் சொல் இரண்டின் கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வியம்மா ஜோடி ஜோடியாக வாக்கியங்களை எழுதுவார். நான் அவற்றைச் சேர்த்து, புத்தகத்தின் கடைசியில் வரும் விடைகளைத் தயார் செய்வேன். இதில் முதலாளி ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். நாங்கள் இருவரும் வேலையைப் பற்றிக் கலந்து பேசக் கூடாது. “நீங்க அவங்ககிட்ட கேட்டு எழுதிடுவீங்க. பரீட்சை ஹால்ல பிள்ளை யாரைப் போய்க் கேக்கும்?” என்பார். சேர்க்க வராத ஜோடியை நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அவர் முகம் கோணாமல் வேறொன்று எழுதித் தருவார். ஒரே அறை, எதிரெதிர் மேஜை, வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பஸ், விலைவாசி, முதலாளியின் கஞ்சத்தனம் பற்றியெல்லாம் வாய் வலிக்கப் பேசுவோம்.

ஆதியில் இதற்கு இரண்டு ஆள் இல்லையாம். கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்த கேள்வியம்மா, “கேள்வி எவ்வளவு வேணும்னாலும் எழுதறேன் சார், விடை மட்டும் எழுத மாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம். வேலை கேட்டு வந்த பெண் இப்படிச் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் வெளியே அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவர் எழுதிக் காட்டிய மாதிரிப் பக்கத்தை முதலாளிக்கு விட மனசில்லை. “இந்தம்மா பிடிவாதத்துக்கு ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வெச்சிருக்கேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த ஆள் நான்.

முதலாளிக்கு இன்னும் இரண்டு சட்டம் உண்டு. பயிற்சியில் யாருக்கும் பெயர் வைக்கக் கூடாது. ஒருமுறை ஒரு திருடனுக்குப் பெயர் வைக்கப்போய், அதே பெயருள்ள பள்ளி நிர்வாகி ஒருவர் புத்தகங்களைக் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கைடில் என் மாமா, என் அத்தை, தபால்காரர், பால்காரர்தான். அடுத்த சட்டம், யாரும் சாகக் கூடாது. காய்ச்சல்கூட வரக் கூடாது. முழங்கால் சிராய்ப்பு வரைக்கும் அனுமதி உண்டு. எங்கள் கைடில் மழை பெய்தால் எல்லோர் கையிலும் குடை இருக்கும்.

கேள்வியம்மாவின் தம்பியை நான் கவனிக்க ஆரம்பித்தது, சேர்ந்து சில வருஷங்கள் கழித்துத்தான். ‘மை பிரதர்’ என்று ஒருவன் எந்தக் கைடிலும் வருவான். ஆப்பிள் வாங்குவான், போய்விடுவான். எங்கள் கைடில் வந்தவன் போகவில்லை. ஒரு பதிப்பில் சைக்கிள் பழகினான். அடுத்த பதிப்பில் அதே சைக்கிளை இரண்டு கையையும் விட்டு ஓட்டினான். அதற்கடுத்ததில் குரல் உடைந்து, பாட்டு வகுப்பை விட்டுவிட்டான். இடது கையால் எழுதினான். நாய்க்குப் பயந்தான். பால் கொடுத்தால் டம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தான். பதிப்புக்குப் பதிப்பு அவனுக்கு மட்டும் வயது கூடியது. பால்காரர் அதே வாசலில் அதே மணியை அடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். இன்னொன்றையும் கவனித்தேன். மற்ற எல்லோருக்கும் மழை பெய்தது. அவன் வரும் வாக்கியங்களில் ஒரு சொட்டுக்கூடப் பெய்யவில்லை.

சொந்தத் தம்பியைத்தான் எழுதுகிறார் என்று புரிந்தது. பிரதர் என்பது அண்ணனா தம்பியா என்று இங்கிலீஷ்காரன் சொல்ல மாட்டான், எனக்கோ மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாது. ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்தவரிடம் வாயைக் கொடுத்தேன்.

“உங்க அண்ணன் இப்ப எங்க இருக்கார்?”

“தம்பி சார்.”

“சரி, தம்பி. எங்க இருக்கார்?”

“இல்லை சார்” என்றார். ஊரில் இல்லை என்று சொல்வது போல இல்லை அது. டப்பாவைத் துடைத்துக்கொண்டே, “ஸ்கூல்ல படிக்கும்போதே போயிட்டான்” என்றார்.

என் மேஜையில் அன்று கிடந்த தாளில் அவன் முதல் சம்பளம் வாங்கியிருந்தான். முதல் பாதி: என் தம்பி முதல் சம்பளம் வாங்கினான். இரண்டாவது பாதி: அவன் அதை அக்காவிடம் கொடுத்தான். நான் ஒரு அண்ட் போட்டேன்.

அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். மனம் பேதலித்தவர் இல்லை. காய்கறிக்காரரிடம் அவர் பேரம் பேசுவதைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதலாளி படியேறும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன மூட் என்று சொல்லிவிடுவார். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று துருவுகிறவர்களுக்கு, “இவரா அவரான்னு ஆர் போடணும்னா ரெண்டு பேராவது வேணும். எனக்கு ஒருத்தர்கூட வரலை” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அம்மா காலமாகி வெகு நாளாயிற்று. வீட்டில் வயதான அப்பா மட்டும். அவருக்காக அலுவலகம் முடிந்த நிமிஷமே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆனால் அவர் எழுதும் விதம் எனக்குப் பிடிக்காது. பயமாக இருக்கும். முதல் பாதியை எழுதுவார், பேனாவை நிறுத்துவார், ஜன்னலைப் பார்ப்பார், காத்திருப்பார். யோசிப்பவர் முகம் வேறு, காத்திருப்பவர் முகம் வேறு. பிறகு இரண்டாவது பாதியைச் சரசரவென்று எழுதிவிட்டு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போலப் படித்துப் பார்ப்பார். ஒருநாள் அப்படிப் படித்துவிட்டு, “அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு சார்” என்றார். இது வேலைப் பேச்சா வீட்டுப் பேச்சா என்று தெரியாமல், “சந்தோஷம்” என்றேன். அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

இந்த நோய் என்னையும் பிடித்தது. பஸ்ஸில் யாராவது இடது கையால் சில்லறை நீட்டினால் திரும்பி முகத்தைப் பார்ப்பேன். ஒருமுறை கேள்வியம்மாவுக்கு உடம்பு முடியாமல் வேறொருவர் கேள்வி எழுதினார். அந்தத் தாள்களில் அவனைத் தேடி, கிடைக்காமல், வீட்டில் எரிந்து விழுந்தேன். “யாரோட தம்பிக்கோ நீங்க ஏன் இப்படித் தவிக்கறீங்க?” என்று என் மனைவி கேட்டாள். என்னிடம் விடை இல்லை. விடை சாரிடமே விடை இல்லையா என்று அதற்கும் ஒரு கேலி.

கடைசிச் சில பதிப்புகளில் அவன் போக்கு மாறியது. அவனுக்கு நடுவயதாகியிருந்தது. எங்கோ தூரத்தில் வசதியாக இருந்தவன், ஒரு வருஷம், ‘என் தம்பி வேலையை விட்டான்’ என்ற வாக்கியத்தில் வந்து நின்றான். மறு வருஷம், என் தம்பி பெட்டியைக் கட்டினான், அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு மறு வருஷம், என் தம்பி எங்கள் தெருவுக்கு வந்தான், தெரு மாறியிருந்தது. நான் பட் போட்டேன். மாறியிருந்தது, ஆனால் அவன் வந்துவிட்டான். அந்தத் தாளைக் கீழே மெஷினுக்கு அனுப்பியபோது எனக்குக் குளிரெடுத்தது.

அந்தப் பதிப்பு பிள்ளைகள் கைக்குப் போன பிறகு ஒருநாள் முதலாளி மாடிக்கு வந்து அறிவித்தார். பரீட்சை முறை மாறுகிறது, இனிமேல் எல்லாம் டிக் அடிக்கும் கேள்விகள், வாக்கியம் சேர்க்கும் பகுதியே கிடையாது. “இந்த வருஷம் பழைய பாடத்திட்டத்துக்கு ஒரு கடைசிப் பதிப்பு. அதோட அதுக்கு மங்களம்” என்றார். அவர் போன பிறகு கேள்வியம்மா என் மேஜைக்கு வந்து நின்றார்.

“சார், ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வர முடியுமா? அப்பா உங்களைப் பாக்கணும்கிறார்.”

“என்னை எதுக்கு?”

“விடை எழுதறவரைப் பாக்கணுமாம்.”

அவர் வீடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று. முன்னறை சின்னது. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், அதன் பக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. பெரியவர் ஒரு மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்மண்டை சுவரில் படும்படி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. எத்தனை வருஷம் உட்கார்ந்தால் சுவர் அப்படித் தேயும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. பிள்ளைகள், கூட்டமாக, ராகம் போட்டு. “மை பிரதர் கேம் டு அவர் ஸ்ட்ரீட், பட் இட் ஹேட் சேஞ்ச்டு.” மறுபடியும் அதே. மறுபடியும் அதே. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“பக்கத்து வீட்டுல டியூஷன்” என்றார் கேள்வியம்மா, சாதாரணமாக. “நம்ம கைடுதான். விலை குறைச்சலாச்சே.”

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் இல்லாத, மரியாதையான சிரிப்பு. “ரொம்ப வருஷமா நடக்குது சார். எனக்கு இங்கிலீஷ் ஒரு அட்சரம் தெரியாது. மை பிரதர், மை பிரதர்னு எப்பப் பாத்தாலும் கேக்குதேன்னு ஒருநாள் வாத்தியாரைக் கேட்டேன். அர்த்தம் சொன்னார். நாய்க்குப் பயம், பால் பிடிக்காது, இடது கைன்னு சொல்லிட்டே போனார். எனக்குத் தலை சுத்திடுச்சு. அதுலேந்து ஒவ்வொரு வருஷமும் போய்க் கேப்பேன். இந்தக் கிழவன் இங்கிலீஷ் கத்துக்க ஆசைப்படறான்னு அவர் நினைச்சுட்டார். ஃபீஸ் குறைச்சுக்கறேன், சேர்ந்துடுங்கன்னார்.”

அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைப் பற்றி அன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பகுதி நிற்கப்போகிறது என்று மகள் வந்து சொன்னபோதுதான் பெரியவர் வாயைத் திறந்தாராம்.

“என் பிள்ளை வேலைக்குப் போனான். கல்யாணம் பண்ணினான். பொண்ணு பொறந்தா. எல்லாம் இந்தச் சுவர் வழியாத்தான் கேட்டேன் சார். அவங்கம்மா வந்தா, அக்கா வந்தா, மாமாகூட வந்தான். நான் வரலை. ஒரு வாக்கியத்துலகூட நான் இல்லை. இது கடைசி வருஷம்கிறா. நீங்கதானே ரெண்டையும் சேக்கறவர். என்னையும் அவனையும் ஒரு வாக்கியத்துல சேத்துடுங்க.”

கேள்வியம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. எதையும் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. மகளுக்கும் கேட்கட்டும் என்று சொன்னது போலவே இருந்தது. அவர் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் குமாஸ்தாவாக இருந்தவர். இங்கிலீஷில் இரண்டு வரி சேர்த்துப் பேசத் தெரியாதவன் என்று மேலதிகாரி ஒருவர் லாரிக்காரர்கள் முன்னால் அவரை அவமானப்படுத்தியிருக்கிறார். அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்த அன்று, பையன் பரீட்சைத் தாளை நீட்டினான். வாக்கியம் சேர்க்கும் கேள்வியில் முட்டை.

“புத்தகத்தோட வெளியில தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். முடிச்சுட்டுக் கதவைத் தட்டு, அப்பத்தான் தொறப்பேன்னேன். யாரும் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு இவளையும் மிரட்டினேன். பகல்தான் சார், பட்டப்பகல். மழை பிடிச்சுக்கிச்சு. தட்டினான். முடிச்சியாடான்னேன். இல்லைப்பான்னான். நான் தொறக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சுத் தொறந்தேன். படியில புத்தகம் மட்டும் நனைஞ்சுட்டுக் கிடந்தது.”

கோபித்துக்கொண்டு போனானோ, ஒதுங்க இடம் தேடிப் போனானோ, தெரியாது. வீடுகளுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் வடிந்து ஓடும் கால்வாய் இருக்கிறது. அதில் கண்டெடுத்தார்கள்.

கேள்வியம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். அழவில்லை. “நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன் சார்” என்றார். “கதவு இடுக்கு வழியாக் கேட்டான். அக்கா, இதுக்கு என்ன போடணும்னு. எனக்கு விடை தெரியும். அப்பா முறைச்சுட்டு இருந்தார். நான் சொல்லலை.”

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அடுத்த ஜோடிக்குப் போயிருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது, “ஒரே ஒரு வாக்கியம்தானே, எழுதிடுங்களேன்” என்றேன் கேள்வியம்மாவிடம்.

“நான் எழுதாம இருக்கேன்னா நினைக்கறீங்க? ஒவ்வொரு வருஷமும் எழுதறேன். என் அப்பா அப்படின்னு முதல் பாதியை எழுதினா, ரெண்டாவது பாதி வராது சார். நாள் பூரா காத்திருந்தாலும் வராது. அவன் வர மாட்டேங்கறான். நானா இட்டுக்கட்டி ஒண்ணு எழுதினா அது அவனா இருக்காது. அப்பாவுக்கும் தெரிஞ்சுடும்.”

அதன் பிறகு அலுவலகத்தில் நாங்கள் வேலையைப் பற்றிப் பேசினோம். முதலாளியின் கண்டிப்பைக் காற்றில் பறக்கவிட்டோம். தினமும் காலையில், “வந்துச்சா?” என்பேன். இல்லை என்று தலையாட்டுவார். மற்ற ஜோடிகளெல்லாம் முடிந்துவிட்டன. மாமா சந்தைக்குப் போனார், பால்காரர் மணியடித்தார். கடைசிப் பயிற்சியின் கடைசி ஜோடி மட்டும் பாக்கி. அதில் முதல் பாதி எழுதியிருந்தது: என் அப்பா கதவைத் திறந்தார். எதிரே வெறும் தாள். கேள்வியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. கீழே மெஷின்காரர் தாள் கேட்டுக் கூச்சல் போட ஆரம்பித்தார்.

“அடிச்சுடுங்க சார்” என்றார் கடைசியில். “சேர்க்க வராததை அடிச்சுடறதுதானே வழக்கம்.”

சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். அவர் பார்க்க விரும்பாமல் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த மனுஷன் ஒரு முறை கதவைச் சாத்தியவர். இப்போது திறந்திருக்கிறார். அதன் குறுக்கே கோடு போட எனக்குக் கை வரவில்லை. மூடியைப் போட்டுவிட்டுத் தாளை அப்படியே கீழே அனுப்பினேன். விடைப் பகுதியில் அந்த எண்ணுக்கு நேராக ‘விடைகள் மாறலாம்’ என்று எழுதினேன். முதலாளி எப்போதும் அட்டையையும் விலையையும் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். அரை ஜோடி அச்சாகி, கட்டுக் கட்டாக ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

வாத்தியார்கள் சும்மா விடுவார்களா? அச்சுப்பிழை என்று போன் மேல் போன். முதலாளி என்னை நிற்க வைத்து வறுத்தெடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் திட்டி, எனக்கு வலிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

பள்ளி வருஷம் நடுவில் ஒருநாள் கேள்வியம்மா, “சாயங்காலம் வர்றீங்களா? இன்னிக்கு டியூஷன்ல அந்தப் பயிற்சியாம். வாத்தியார் சொன்னார்” என்றார். “அப்பா காலைலேந்து நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை.”

போனேன். பெரியவர் தலையைச் சுவரில் வைத்திருந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. கேள்வியம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அங்கே ஒவ்வொரு ஜோடியாக வந்தது. மாமா, அத்தை, தபால்காரர். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் பெரியவர் மடியில் கிடந்தது.

“அடுத்தது. மை ஃபாதர் ஓப்பன்ட் த டோர்” என்று வாத்தியாரின் குரல் படித்தது. பிறகு நின்றது. “இதுல ரெண்டாவது வாக்கியம் அச்சாகலை. பரவாயில்லை. ஆளுக்கு ஒண்ணு நீங்களே போட்டுச் சேருங்க பாப்போம்.”

கொஞ்ச நேரம் பெஞ்சு நகரும் சத்தம். முதல் பிள்ளை, அப்பா கதவைத் திறந்தார், நாய் உள்ளே வந்தது என்றது. சிரிப்பு. இன்னொன்று, அப்பா கதவைத் திறந்தார், ஆனால் யாரும் இல்லை என்றது. கேள்வியம்மா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து ஒரு போலீஸ்காரர் வந்தார். அடுத்து காற்று வந்தது. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் மகள் முகத்தைப் பார்ப்பார். மகள், ‘இல்லை’ என்று தலையசைப்பார். இந்த மனுஷனை வேடிக்கைப் பிள்ளைகளின் வாயில் கொண்டுபோய் விட்டுவிட்டோமே, பேசாமல் கோடு போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போது அறையின் அந்தக் கோடியிலிருந்து, இதுவரை பேசாத ஒரு பையனின் குரல் மெதுவாக வந்தது.

“மை ஃபாதர் ஓப்பன்ட் த டோர், ஸோ ஐ கேம் இன்.”

“குட்” என்றார் வாத்தியார். “எல்லாரும் அதையே எழுதிக்குங்க.”

பெரியவர் சுவரிலிருந்து தலையை எடுத்தார். “என்னம்மா சொன்னான்?”

கேள்வியம்மா அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லும்மா.”

“எங்கப்பா கதவைத் தொறந்தார், அதனால நான் உள்ள வந்துட்டேங்கறான்ப்பா.”

அந்தப் பக்கம் அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து அதை ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். பெரியவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நானும் அழுதேன், மறைக்கவில்லை. வகுப்பு விட்டது. செருப்புச் சத்தமும் கூச்சலுமாகப் பிள்ளைகள் ஜன்னலைத் தாண்டித் தெருவில் போக ஆரம்பித்தார்கள். அந்தப் பையன் யாரென்று பார்க்க நான் எழுந்தேன். பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அந்த வயதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“வேண்டாம் சார், பாக்காதீங்க. பாத்தா அது வேற யாரோ வீட்டுப் பிள்ளையாயிடும்.”

கேள்வியம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.